தொடக்ககாலக் கிறித்தவ மறைநூல்களில் பெண் சீடர்கள்: தவறான கருத்துகள் உருவான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இயேசுவைப் பின்பற்றிய பெண்கள் பற்றியும் முதல் நூற்றாண்டுத் திருச்சபையில் பணியாற்றிய பெண்கள் பற்றியும் பல தவறான கருத்துகள் வழங்கிவருகின்றன. மகதலேனா மரியாள் பரத்தையாக இருந்து மனந்திரும்பியவர் என்பதும், யூனியா ஓர் ஆண் என்பதும், பெபேயாள் வெறும் பணிவிடைக்காரி என்பதும் அவற்றுள் தலையாயவை. இக்கருத்துகள் மறைநூல்களிலிருந்து தோன்றியவை அல்ல. பிற்கால மறையுரை, உரைவிளக்கம், பதிப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் வழியே உருவானவை என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் பெண்பெயர்கள் பெறும் ஈறு இவ்வரலாற்றுக்குத் தரும் சான்றும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெண் சீடர்கள், மகதலேனா மரியாள், யூனியா, பெபேயாள், பாடவேறுபாடு, தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு.

முன்னுரை

ஒரு நூலில் இருப்பது வேறு. அந்நூலில் இருப்பதாக மக்கள் நம்புவது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மறைநூல்களைப் பொறுத்தவரை மிகுதி. மறைநூலைப் பலரும் நேரே படித்து அறிவதைவிட மறையுரை, ஓவியம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் வழியாகவே அறிகின்றனர். புதிய ஏற்பாட்டின் பெண் சீடர்கள் இத்தொலைவுக்குத் தக்க எடுத்துக்காட்டாவர்.

பெர்னதெத் புரூட்டன் 1977இல் யூனியா குறித்து எழுதிய கட்டுரை, எலிசபெத் சூஸ்லர் ஃபியொரென்சாவின் 1983ஆம் ஆண்டு நூல், எல்டன் எப்பின் 2005ஆம் ஆண்டு நூல் ஆகியவை இத்துறையில் முன்னோடி ஆய்வுகள். அவை திறந்த வழியில் சென்று, ஒவ்வொரு தவறான கருத்தும் எக்காலத்தில், எவ்வகைச் செயலால் உருவாயிற்று என்பதை இக்கட்டுரை வகைப்படுத்துகிறது. ஒருவரோடு ஒருவரை இணைத்தல், பெயரைத் திரித்தல், சொல்லின் தகுதியைக் குறைத்தல் என அச்செயல்கள் மூவகைப்படும். பெயர்களின் வடிவத்தில் ‘பழைய திருப்புதல்’ எனப்படும் தமிழ் மொழிபெயர்ப்பின் வழக்கே இங்குப் பின்பற்றப்படுகிறது.

சீடர் என்னும் சொல்லும் பன்னிருவர் என்னும் எண்ணும்

இயேசுவின் சீடர் அனைவரும் ஆண்களே என்னும் எண்ணம், ‘சீடர்’, ‘பன்னிருவர்’ என்னும் இரு வழக்குகளும் ஒன்றே எனக் கொள்வதால் எழுவது. பன்னிருவர் பட்டியலில் பெண் எவரும் இல்லை என்பது உண்மை. இஸ்ரயேலின் பன்னிரு குலங்களைக் குறிக்கும் அடையாளக் குழு அது. சீடர் வட்டமோ அதனினும் விரிந்தது. லூக்கா 8ஆம் அதிகாரத் தொடக்கத்தில் இயேசுவோடு ஊர் ஊராகச் சென்றவர்களுள் மகதலேனா மரியாள், ஏரோதின் அலுவலன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் ஆகியோர் பெயர் சுட்டப்படுகின்றனர். அவர்களும் வேறு பல பெண்களும் தம் உடைமைகளைக் கொண்டு அக்குழுவைத் தாங்கினர் என்பதும் அங்கே சொல்லப்படுகிறது.

மாற்கு 15:40-41 சிலுவை நிகழ்வைத் தொலைவிலிருந்து நோக்கிய பெண்களைப் பற்றிக் கூறுமிடத்துப் பின்பற்றுதலைக் குறிக்கும் ‘அகொலூதேயோ’ என்னும் கிரேக்க வினையைக் கையாளுகிறது. சீமோனும் லேவியும் இயேசுவைப் பின்சென்றதைக் கூற மாற்கு பயன்படுத்தும் வினையும் இதுவே. ‘சீடர்’ என்பதன் பெண்பால் வடிவமான ‘மதேத்ரியா’ புதிய ஏற்பாட்டில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 9:36இல் யோப்பா நகரத்துத் தபீத்தாளை அது குறிக்கிறது. ஏற்கப்பட்ட நூல்தொகுதிக்கு வெளியே நிற்கும் பேதுரு நற்செய்தி, மகதலேனா மரியாளை அதே சொல்லால் சுட்டுகிறது. ஆகவே பெண் சீடர் என்னும் கருத்து இக்காலத்தார் புகுத்தியதன்று. பழைய நூல்களிலேயே அதற்குச் சொல் இருந்தது.

மகதலேனா மரியாள்: மூவர் ஒருவரான வரலாறு

நான்கு நற்செய்திகளும் மகதலேனா மரியாளைச் சிலுவை, வெறுங்கல்லறை ஆகிய நிகழ்வுகளின் சாட்சியாகக் காட்டுகின்றன. யோவான் நற்செய்தியில் உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் காண்பவரும், அச்செய்தியைச் சீடர்க்கு அறிவிப்பவரும் அவரே. அவருடைய முன்வாழ்வு குறித்து நற்செய்திகள் தரும் ஒரே செய்தி, ஏழு பேய்கள் அவரைவிட்டு நீங்கின என்பதுதான். லூக்கா 8:2 அச்செய்தியை நோய் நீங்கிய பெண்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. நற்செய்திகளில் பேய்பிடித்தல் நோயோடும் துன்பத்தோடும் சேர்த்துப் பேசப்படுகிறதேயன்றிப் பாலியல் ஒழுக்கக்கேட்டோடு சேர்த்துப் பேசப்படவில்லை.

பரத்தை என்னும் படிமம் எங்கிருந்து வந்தது? 591ஆம் ஆண்டு உரோமையில் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரை இதில் திருப்புமுனையாகும். லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கும் பெயரில்லாப் பெண், யோவான் 12ஆம் அதிகாரத்தில் அவர் பாதங்களுக்குத் தைலம் பூசும் பெத்தானியா மரியாள், ஏழு பேய்கள் நீங்கிய மகதலேனா மரியாள் ஆகிய மூவரையும் அவர் ஒருவராகக் கொண்டார். ஏழு பேய்களைத் தீயொழுக்கங்கள் அனைத்துக்கும் குறியீடாக்கினார். மூவரும் வேறுவேறானவர் என்பதற்கு நூலிலேயே சான்று உண்டு. பெத்தானியா எருசலேமை அடுத்த ஊர். மகதலா கலிலேயக் கடற்கரை ஊர். லூக்கா தம் 7ஆம் அதிகாரப் பெண்ணுக்குப் பெயர் தராமல் விடுத்து, அடுத்த அதிகாரத்தில் மகதலேனா மரியாளைப் புதியவராகவே அறிமுகம் செய்கிறார்.

லூக்கா 7ஆம் அதிகாரப் பெண்ணும் பரத்தை எனக் கூறப்படவில்லை என்பது இவண் கருதத்தக்கது. அவளைச் சுட்டும் சொல் ‘ஹமர்தோலோஸ்’, அதாவது பாவி. லூக்கா 5:8இல் பேதுரு தம்மைத் தாமே குறிக்கும் சொல்லும் அதுவே. பேதுருவின் பாவம் யாது என எவரும் ஊகிக்க முனையவில்லை. பெண்ணைச் சுட்டும்போது மட்டும் அச்சொல் பாலியல் பொருள் பெற்றது. பிற்கால வழக்கில் யோவான் 8ஆம் அதிகாரத்தின் விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணும் மகதலேனாவோடு இணைக்கப்பட்டார். அப்பகுதியே சினாய், வத்திக்கான் முதலிய தொன்மையான கைப்படிகளில் இல்லை.

கீழைத் திருச்சபைகள் இம்மூவரையும் ஒருவராக்கவில்லை. மேற்கில், 1517இல் பிரெஞ்சு அறிஞர் லெஃபேவ்ர் தெத்தாப்பிள் மூவரும் வேறுவேறானவர் என எழுதினார். 1521இல் பாரிசு இறையியல் புலம் அக்கருத்தைக் கண்டித்தது. 1969இல் செய்யப்பட்ட உரோமை நாட்காட்டிச் சீர்திருத்தமே மகதலேனாவைப் பாவியான பெண்ணிடமிருந்து பிரித்தது. 2016இல் திருத்தந்தை பிரான்சிசு அவர் நினைவுநாளை விழாவாக உயர்த்தியபோது, ‘திருத்தூதர்க்குத் திருத்தூதர்’ என்னும் பழம்பெயர் மீண்டும் முன்வைக்கப்பட்டது. இடைக்கால மேற்கு இப்பெயரையும் பாவிப் படிமத்தையும் ஒருசேரப் போற்றியது என்பதையும் மறத்தலாகாது. மறைந்தது மதிப்பன்று, சாட்சி என்னும் நிலையே மனந்திரும்பியவர் என்னும் நிலைக்குப் பின்தள்ளப்பட்டது.

இத்தவறு நூல்களோடு நின்றுவிடவில்லை. 1758இல் இலண்டனில் பரத்தையர் மறுவாழ்வுக்கென நிறுவப்பட்ட இல்லம் மகதலேனாவின் பெயரையே தாங்கியது. அயர்லாந்தில் அப்பெயரால் இயங்கிய சலவை இல்லங்களில் பல்லாயிரம் பெண்கள் கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டனர். அவற்றுள் இறுதியானது 1996இல்தான் மூடப்பட்டது. 2013இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அவ்வில்லங்கள் தோன்றியதற்குச் சமூக, பொருளியல் காரணங்கள் பல உண்டு. எனினும் அங்கு அடைக்கப்பட்ட பெண்ணைத் தவம் செய்யவேண்டிய பாவியாகக் காட்டும் பெயரைத் தந்தது இந்த உரைமரபே.

யூனியா: ஆணாக்கப்பட்ட பெண்

ரோமர் 16:7இல் பவுல் அன்றோனீக்கு, யூனியா என்னும் இருவரை வாழ்த்துகிறார். தமக்கு முன்பே கிறித்துவைச் சார்ந்தவர்கள், தம்மோடு சிறைப்பட்டவர்கள், அப்போஸ்தலரிடையே புகழ்பெற்றவர்கள் என அவர்களைச் சிறப்பிக்கிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யோவான் கிறிசோஸ்தோம் இப்பகுதிக்கு உரை கண்டபோது, யூனியாவைப் பெண்ணாகவே கொண்டு, அப்போஸ்தலர் என்னும் பெயருக்குத் தகுதி பெற்ற அவர் அறிவுத்திறத்தை வியந்தார். கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவருக்கு அப்பெயரில் ஐயம் எழவில்லை. பெரும்பாலான பண்டை உரையாசிரியர்க்கும் அது பெண்பெயரே. எப்பிபானியுவின் பெயரால் வழங்கும் சீடர் பட்டியல் ஒன்று யூனியாவை ஆணாகக் குறிக்கிறது. ஆனால் அப்பட்டியல் பிரிஸ்கில்லாளையும் ஆணாக்கிவிடுவதால் அதன் சான்று வலுவற்றது.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த உரோமை ஏகிதியு இருவரையும் ஆண்கள் எனக் கொண்டார். 16ஆம் நூற்றாண்டில் லுத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பு ‘யூனியாஸ்’ என்னும் ஆண்பால் வடிவத்தைப் பரப்பியது. ஆண்பெயர் என வாதிட்டோர் ‘யூனியானுஸ்’ என்னும் பெயரின் குறுக்கமே ‘யூனியாஸ்’ என்றனர். ஆயினும் பண்டைய கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளிலோ ஆவணங்களிலோ அக்குறுக்கம் கிடைக்கவில்லை. ‘யூனியா’ என்னும் பெண்பெயரோ உரோமைக் கல்வெட்டுகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் காணப்படுகிறது.

இங்கு எழுத்திலக்கணச் சிக்கல் ஒன்று உண்டு. தொன்மையான பேரெழுத்துக் கைப்படிகளில் அசைக்குறிகள் இல்லை. இரண்டாம் வேற்றுமையில் இப்பெயரின் ஆண்பால், பெண்பால் வடிவங்கள் எழுத்தளவில் ஒன்றே. அசைக்குறி ஒன்றே அவற்றை வேறுபடுத்தும். அசைக்குறி இடும் வழக்கம் வந்தபின் எழுதப்பட்ட கைப்படிகள் பெண்பால் குறியையே இட்டன. ஆனால் 1927இல் வெளிவந்த நெஸ்லே கிரேக்கப் பதிப்பு ஆண்பால் குறியை ஏற்றது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகெங்கும் இறையியல் மாணவர் பயன்படுத்திய பாடமாக அது நிலைத்தது. 1998ஆம் ஆண்டு மறுஅச்சில்தான் பெண்பால் குறி மீண்டது. ஒரு பெண்ணின் அடையாளம் ஓர் அசைக்குறியில் மறைந்து, ஓர் அசைக்குறியில் திரும்பிற்று.

யூனியா பெண் என்பது பரவலாக ஏற்கப்பட்டபின், விவாதம் வேறிடத்துக்கு நகர்ந்தது. அவர் அப்போஸ்தலருள் ஒருவராகப் புகழ்பெற்றவர் அல்லர், அப்போஸ்தலரால் நன்கறியப்பட்டவரே என 2001இல் பூரர், வாலஸ் ஆகியோர் வாதிட்டனர். இலக்கண அளவில் இது ஆராயத்தக்க வாதமே. எனினும் கிறிசோஸ்தோம் அத்தொடரை முதற்பொருளிலேயே கொண்டார் என்பதும், யூனியாவை ஆணெனக் கொண்ட காலத்தில் அவர் அப்போஸ்தலர் நிலை பெரிதும் கேள்விக்குள்ளாகவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

பெபேயாள்: ஒரே சொல், இரு தகுதி

ரோமர் 16:1-2இல் பவுல், கொரிந்துவின் துறைமுகமாகிய கெங்கிரேயா ஊர்ச் சபையின் ‘தியாகொனோஸ்’ என்று பெபேயாளை அறிமுகம் செய்கிறார். ரோமர் திருமுகத்தைக் கொண்டுசென்றவர் இவரே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. 1 கொரிந்தியர் 3:5இல் பவுல் தம்மையும் அப்பொல்லோவையும் குறிக்கும் சொல்லும் ‘தியாகொனோஸ்’ என்பதே. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு, பவுலைக் குறிக்குமிடத்துத் திருப்பணியாளர் என்னும் பொருள்தரும் சொல்லையும், பெபேயாளைக் குறிக்குமிடத்து வேலையாள் என்னும் பொருள்தரும் சொல்லையும் இட்டது. மூலத்தில் ஒன்றாக இருந்த சொல் மொழிபெயர்ப்பில் பாலுக்கேற்ப இரண்டாயிற்று.

பெபேயாளுக்குப் பவுல் தரும் மற்றொரு சொல் ‘புரோஸ்தாதிஸ்’. உரோமைப் பேரரசின் சமூக அமைப்பில் செல்வமும் செல்வாக்கும் கொண்டு பிறரைப் பேணிய புரவலரைக் குறிக்கும் சொல் அது. பெண்கள் இத்தகைய பணிப்பெயர் தாங்கியமைக்குக் கிறித்தவரல்லாத ஒருவரின் சான்றும் உண்டு. ஏறத்தாழ 112இல் பித்தினியா-பொந்து மாநில ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில், ‘மினிஸ்த்ரே’ எனத் தம் குழுவினரால் அழைக்கப்பட்ட இரு அடிமைப் பெண்களைத் தாம் சித்திரவதை செய்து உசாவியதைக் குறிப்பிடுகிறார்.

இவற்றுக்கு எதிராகச் சபையில் பெண்கள் பேசலாகாது எனும் 1 கொரிந்தியர் 14:34-35 சுட்டப்படுவது வழக்கம். அதே திருமுகத்தின் 11:5இல் பெண்கள் சபையில் வேண்டுதல் செய்வதும் இறைவாக்கு உரைப்பதும் நடைமுறை எனக் கொண்டே பவுல் தலைமறைப்புப் பற்றிப் பேசுகிறார். மேலும், மேற்கத்தியக் கைப்படிகள் சில 14:34-35ஐ 40ஆம் வசனத்துக்குப் பின் வைக்கின்றன. இவ்விடமாற்றம் அவ்வசனங்கள் ஓரக்குறிப்பாகத் தோன்றிப் பின் உள்நுழைந்தவையோ என்னும் ஐயத்தை அறிஞரிடையே எழுப்பியுள்ளது. வாதம் முடிவுறவில்லை. ஆயினும் ஒரு வசனத்தைக் கொண்டு பல வசனங்களின் சான்றை ஒதுக்குவது வரலாற்று முறையாகாது.

தமிழ் மொழிபெயர்ப்பின் சான்று

19ஆம் நூற்றாண்டில் என்றி பவர் முன்னின்று உருவாக்கிய, ‘பழைய திருப்புதல்’ என இன்றளவும் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் மொழிபெயர்ப்பு இவ்வாய்வுக்கு இருவகையில் பயன்படுகிறது.

முதலாவது, சொல்லின் தகுதி. அம்மொழிபெயர்ப்பு பவுலையும் அப்பொல்லோவையும் ‘ஊழியக்காரர்’ என்றும், பெபேயாளை ‘ஊழியக்காரி’ என்றும் கூறுகிறது. ஒரே பகுதியின் ஆண்பாற் பெண்பால் வேறுபாடன்றித் தகுதி வேறுபாடு இதில் இல்லை. தபீத்தாளைக் குறிக்கச் ‘சீஷி’ என்னும் பெண்பாற்சொல்லை ஆண்டமையும் ‘மதேத்ரியா’ என்பதற்கு நேரானது. இவ்விடங்களில் தமிழ், 1611ஆம் ஆண்டு ஆங்கிலத்தினும் மூலத்துக்கு அணுக்கமாக நிற்கிறது. ‘புரோஸ்தாதிஸ்’ என்பதோ ‘ஆதரவு’ என்னும் பொதுச்சொல்லாகச் சுருங்கியது. புரவலர் நிலை அதில் புலப்படவில்லை.

இரண்டாவது, பெயரின் ஈறு. அம்மொழிபெயர்ப்பு பெண்பெயர்களோடு ‘ஆள்’ ஈற்றைச் சேர்ப்பதைப் பெருவழக்காகக் கொண்டுள்ளது. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பெயர் சுட்டப்பெறும் பெண்கள் எண்மர். அவர்களுள் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் ஆகிய எழுவர் ‘ஆள்’ ஈறு பெறுகின்றனர். யூனியா மட்டும் பெறவில்லை. அவ்வதிகாரத்தில் ‘ஆ’ ஈற்றில் நிற்கும் ஆக்கில்லா, ஒலிம்பா போன்ற மற்றப் பெயர்கள் ஆண்பெயர்கள். ஓரெழுத்தே வேறான யூலியாள் பெண்ணாகவும் யூனியா பால் தெளிவின்றியும் நிற்பது நோக்கத்தக்கது. ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்’ என்பது பலர்பாலாதலின் அதுவும் பால் உணர்த்தாது. கொலோசெயர் 4:15இல் தம் வீட்டில் சபை கூட இடமளித்த நிம்பா இதற்கு ஒப்புநோக்கத்தக்கவர். வத்திக்கான் கைப்படி ‘அவளது வீடு’ எனப் பெண்பாலில் கூற, வேறு கைப்படிகள் ஆண்பாலில் கூறுகின்றன. பழைய திருப்புதல் ஆண்பாற் பாடத்தைப் பின்பற்றியது; அங்கும் பெயர் ‘ஆள்’ ஈறின்றியே நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளரின் நோக்கம் எதுவாயினும், விளைவு ஒன்றே. யூனியா பெண் என்பதைத் தமிழ் வாசகர் அப்பெயரிலிருந்து உணர வாய்ப்பில்லாது போயிற்று. ‘யூனியாள்’ என ஓர் ஈறு சேர்ந்திருப்பின், அப்போஸ்தலரிடையே ஒரு பெண் இருந்தாரா என்னும் கேள்வி தமிழ்ச் சபைகளில் தலைமுறைகளுக்கு முன்பே எழுந்திருக்கக்கூடும்.

எதிர்த்திசைத் தவறுகள்

பழைய தவறுகளை மறுக்கும் முனைப்பில் புதியன தோன்றியுள்ளமையையும் சுட்டுதல் வேண்டும். மகதலேனா மரியாள் இயேசுவின் மனைவி என்பது அவற்றுள் ஒன்று. 1945இல் எகிப்தின் நாக் அம்மாடியில் கிடைத்த பிலிப்பு நற்செய்தி இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அந்நூலின் குறித்த பகுதி சிதைந்தது. இயேசு அவரை எங்கு முத்தமிட்டார் என்னும் சொல் பதிப்பாளரின் ஊகமேயாகும். 2012இல் பெரும் பரபரப்பை உண்டாக்கிய ‘இயேசுவின் மனைவி’ பாப்பிரசுத் துண்டு போலியாகவே இருக்கவேண்டும் என்பதை, அதனை வெளியிட்ட கேரன் கிங் 2016இல் ஒப்புக்கொண்டார். பரத்தை என்பதும் மனைவி என்பதும் ஒரே குறையுடையவை: பெண்ணை ஆணோடான உறவால் மட்டுமே அறிய முற்படுகின்றன.

அக்கால யூத சமயம் பெண்களை முற்றாக ஒடுக்கியது, கிறித்தவமே விடுதலை தந்தது என்பது மற்றொரு தவறு. இயேசுவும் அவர் பெண் சீடர்களும் யூதர்களே. சிமிர்னாவில் ரூஃபினா என்னும் யூதப் பெண் தொழுகைக்கூடத் தலைவர் என்னும் பட்டத்தோடு கல்வெட்டில் குறிக்கப்படுகிறார். இத்தகைய கல்வெட்டுகளைப் புரூட்டன் 1982இல் தொகுத்து ஆராய்ந்துள்ளார்.

முடிவுரை

பெண் சீடர்கள் பற்றிய தவறான கருத்துகளுக்குத் தோற்றக் காலமும் தோற்றுவித்த செயலும் உண்டு என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். மகதலேனாவின் படிமம் 591ஆம் ஆண்டு மறையுரையால் மேற்கில் நிலைபெற்றது. யூனியாவின் பால் இடைக்கால உரையால் மாறி 1927ஆம் ஆண்டுப் பதிப்பால் உறுதிப்பட்டது. பெபேயாளின் தகுதி மொழிபெயர்ப்பால் தாழ்ந்தது. சதித்திட்டம் எதனையும் இங்குக் காண வேண்டியதில்லை. பெண் இவ்வளவே இருக்கக்கூடும் என்னும் முன்முடிவு, ஐயம் நேரும் இடந்தோறும் ஒரே பக்கம் தீர்ப்பளித்தது என்பதே போதிய விளக்கம்.

இவ்வாய்வின் தொடர்ச்சியாக, 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்ற சீகன்பால்கு புதிய ஏற்பாடு முதல் இக்கால மொழிபெயர்ப்புகள் வரை, ரோமர் 16ஆம் அதிகாரப் பெயர்களின் வடிவங்களை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துதல் தேவை. யூனியா எந்தத் தமிழ்ப் பதிப்பில் எவ்வீறு பெற்றார் என்பது தெளிவானால், ஐரோப்பியப் பாட வரலாறு தமிழில் எவ்வாறு இறங்கியது என்பதும், தமிழ் இலக்கணம் அதற்கு எங்கே இடங்கொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை என்பதும் துலங்கும்.